வண்டிச் சமையலறையும் ஒரு கெட்டில் கணக்கும்

அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க 25 நிமிடம். மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் சமையலறையும் உள்ள வண்டி வீட்டில், எங்கள் முதல் காலை அப்படித்தான் தொடங்கியது. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற 12 வோல்ட் கெட்டில் அது. கைப்பைக்குள் அடங்கிவிடும், அலமாரியில் ஒரு சொம்பு அளவு இடம்தான் பிடிக்கும் என்று ஆசையாக வாங்கியிருந்தோம். மனைவி இரண்டு கோப்பைகளையும் எடுத்து வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டிலில் பழுது எதுவும் இல்லை. அது 150 வாட், அவ்வளவுதான். அந்த மாதிரி சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான் தாங்கும், அதனால் அதற்குமேல் வேகமான கெட்டிலை யாரும் அதில் மாட்டவும் முடியாது.

வண்டிக்குச் சமையல் சாமான் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அளவைத்தான். நாங்களும் அப்படித்தான் பார்த்தோம். மூன்று வருடம் சுற்றிய பிறகு இப்போது அளவை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். எவ்வளவு கரண்ட் தின்னும், கழுவ எவ்வளவு தண்ணீர் கேட்கும், இந்த இரண்டிலும் தேறினால்தான் இஞ்ச் டேப்பைக் கையில் எடுப்பது.

கரண்ட் கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. வாட்டை ஓடுகிற மணி நேரத்தால் பெருக்கினால் வருவது வாட்-மணி, அதுதான் செலவு. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர எந்தக் கெட்டிலானாலும் 93 வாட்-மணி வேண்டும். சின்னக் கெட்டில் என்பதற்காக இது குறையாது. இன்வெர்ட்டரில் போகிற இழப்பு, காற்றில் போகிற சூடு எல்லாம் சேர்த்தால் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் இருப்பது 1,200 வாட்-மணி, அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும் என்பதால் கையில் நிற்பது 600தான். ஒரு லிட்டர் வெந்நீருக்கே அதில் ஐந்தில் ஒரு பங்கு காலி. கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் வேறு ஒரு நாளைக்கு 300 முதல் 600 வரை எடுத்துக்கொள்ளும். மிச்சம் என்ன இருக்கிறது? லித்தியம் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு இதே 100 ஆம்பியர்-மணியில் 1,000க்குப் பக்கமாகக் கிடைக்கும், அவர்கள் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது ஒன்று உண்டு. வாட் அதிகம் என்றால் பேட்டரி தீர்ந்துவிடும் என்று பயந்து நான் பிளெண்டரையே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். 300 வாட் கை பிளெண்டரை ஒரு நிமிடம் ஓட்டினால் செலவு 5 வாட்-மணி. வெறும் ஐந்து! சுற்றுகிற சாமான்கள் எல்லாமே இப்படித்தான், வாட் பெரிதாக இருந்தாலும் ஓடுகிற நேரம் சின்னது. பேட்டரியைத் தின்பது சூடாக்குகிற சாமான்கள்தான்: கெட்டில், டோஸ்டர், மின்சாரத் தட்டு அடுப்பு. மைக்ரோவேவ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 700 வாட் என்று முன்னால் எழுதியிருந்தாலும் உள்ளே இழுப்பது 1,100 வாட் வரை போகும், ஆனாலும் மூன்று நிமிடம் ஓட்டினால் 55 வாட்-மணிதான் ஆகிறது. அதன் சிக்கல் வேறு இடத்தில். 12 வோல்ட்டில் 1,100 வாட் என்றால் இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து பேட்டரியிலிருந்து 100 ஆம்பியருக்குமேல் ஒரே மூச்சில் இழுக்க வேண்டும், அதற்குத் தடிமனான கேபிள், வீட்டுக் கரண்ட் மாதிரியே சுத்தமான சைன் அலை தருகிற பெரிய இன்வெர்ட்டர், அந்த இழுப்பில் வோல்ட்டேஜ் இறங்காத பேட்டரி மூன்றும் இருக்க வேண்டும். எங்களிடம் இல்லை, அதனால் மைக்ரோவேவ் இல்லை.

சரி, அப்போது சூட்டுக்கு என்ன செய்வது? கேஸ்தான். ஒரு கிலோ ப்ரொப்பேனில் கிட்டத்தட்ட 13 கிலோவாட்-மணி இருக்கிறது. அடுப்பில் பாதி வீணாகிறது என்றே வைத்தாலும் அந்த லெட்-ஆசிட் பேட்டரியில் கையில் நின்ற 600ஐப் போல பத்து மடங்கு. குளிர் இடங்களுக்குப் போகிறவர்கள் சிலிண்டரில் என்ன கேஸ் என்று கட்டாயம் பாருங்கள். பியூட்டேன் 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே ஆவியாகாமல் நின்றுவிடும், ப்ரொப்பேனுக்கு -42 வரை கவலையில்லை. அப்புறம், எந்த அடுப்பானாலும் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் மாட்டுங்கள், குளிர்கிறது என்று அடுப்பைப் பற்றவைத்து வண்டியைச் சூடாக்கவே கூடாது. இன்னொன்று, சாமான் அடுக்குகிற எல்லோருக்கும் சொல்ல வேண்டியது: கேஸ் பெட்டிக்கு அடியிலோ அலமாரித் தரையிலோ ஓட்டை தெரிந்தால் அதன்மேல் எதையும் வைக்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி வெளியே போவதற்காகவே அந்த ஓட்டை. நான் ஒரு மாதம் அதன்மேல் பாத்திரப் பெட்டியை வைத்திருந்தேன். நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

கரண்ட் செலவே இல்லாமல் எங்களை அதிகம் காப்பாற்றியது நல்ல ஃபிளாஸ்க். ஜேம்ஸ் டூவர் 1892இல் ஆய்வுக்கூடத்துக்காகச் செய்த வெற்றிடக் குடுவைதான் இது, என்னைக் கேட்டால் மோட்டார்ஹோமுக்கென்றே செய்த பொருள் மாதிரி இருக்கிறது. காலையில் ஒரே தடவை கேஸில் கொதிக்க வைத்து ஊற்றிவிடுவோம், சாயங்காலம் வரை அடுப்பு பக்கம் போக வேண்டியதில்லை. அந்த 12 வோல்ட் கெட்டிலை அதற்குப் பிறகு நாங்கள் தொடவே இல்லை.

பிரஷர் குக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இடம் பிடிக்கும், கனம் வேறு, ஆனால் கேஸ் பாதியாகக் குறையும் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது நீராவி. திறந்த பாத்திரத்தில் அரை மணி நேரம் எதையாவது வேகவைத்தால் அந்த ஈரமெல்லாம் ஜன்னலிலும் மெத்தைக்கு அடியிலும்தான் போய்ப் படியும். மலைக்குப் போனால் இன்னும் தெரியும், 3,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, பருப்பு வகைகள் வேகவே மாட்டேன் என்று நிற்கும். நீளக் கைப்பிடி இல்லாத, 3 லிட்டர் குக்கர் இரண்டு பேருக்குத் தாராளம்.

தண்ணீர் பக்கம் வருகிறேன். கடைகளில் "எட்டு வேலை செய்யும்" என்று விற்கிற காய் நறுக்கும் சாதனம் ஒன்று வாங்கினோம். வேலை செய்தது உண்மை. கழுவ ஒன்பது பாகம், ஒவ்வொன்றிலும் சந்து பொந்து, அதை ஒருமுறை சுத்தம் செய்யப் போகிற தண்ணீரில் நாங்கள் இரண்டு பேர் ஒரு நாள் குடிக்கலாம். வண்டித் தொட்டியில் இருப்பது 100 லிட்டர், கழுவின தண்ணீரையும் இன்னொரு தொட்டியில் நாமே சுமந்துகொண்டுதான் போகிறோம். இப்போது உறை போட்ட ஒரு நல்ல கத்தி, ஒரு மெல்லிய பலகை, முடிந்தது. கை பிளெண்டரும் இந்தக் காரணத்துக்காகவே பிடிக்கும், தண்டைக் கழற்றிக் குழாயில் காட்டினால் போதும்.

பாத்திரங்களில் கைப்பிடி கழற்றி ஒன்றுக்குள் ஒன்று அடுக்குகிற செட் வாங்குங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வாங்கும் முன் அடுப்பில் இரண்டு பர்னருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்துவிடுங்கள். பல வண்டிகளில் 24 சென்டிமீட்டர் வாணலி இரண்டு ஒரே நேரத்தில் உட்காராது. மடக்குகிற சிலிகான் சல்லடையும் பேசினும் அருமையானவை. ஆனால் அடியில் மட்டும் உலோகம் வைத்த சிலிகான் பாத்திரத்தைக் கேஸில் வைப்பதாக இருந்தால் தீ அடித்தட்டைத் தாண்டி வெளியே எட்டவே கூடாது, எட்டினால் சிலிகான் கருகிவிடும். முகாம் மைதானங்களில் கரண்ட் கிடைக்கிறதென்று இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்கள் கடைக்கு ஒரு காந்தம் கொண்டுபோங்கள், அது ஒட்டாத பாத்திரம் இண்டக்ஷனில் சூடாகாது. அடுப்பில் வைத்து காபி போடுகிற எங்கள் மோக்கா பாட் அலுமினியம், இண்டக்ஷன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்ணாடி காபி பிரஸ் ஒரு குண்டுகுழிச் சாலையில் உடைந்தது. இப்போது கையால் அழுத்திக் காபி வடிக்கிற ஏரோபிரஸ்தான், பிளாஸ்டிக், உடையாது, சக்கையைத் தள்ளிவிட்டு ஒரு அலசு அலசினால் சுத்தம்.

எடையையும் மறக்காதீர்கள், வண்டிக்கு அனுமதித்த மொத்த எடையில் இதெல்லாம் சேரும். கனமானது எப்போதும் கீழ்த் தட்டில். மேல் அலமாரியில் இரும்பு வாணலி வைத்துவிட்டு அவசர பிரேக் போட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் அளவு. இப்போதெல்லாம் எதையாவது வாங்கத் தோன்றினால், அதன் நீள அகல உயரத்துக்கு அட்டையில் ஒரு பெட்டி செய்து, அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு இரண்டு பயணம் போய்வருகிறோம். இப்போது அலமாரியில் இருக்கிற பெட்டி ஓம்னியாவுக்கானது. அடுப்புமேல் வைக்கிற ஸ்வீடன் நாட்டு ஓவன், எஃகு அடித்தட்டின்மேல் நடுவில் ஓட்டையுள்ள அலுமினிய வளையம், கேஸ் அடுப்பிலேயே ரொட்டி சுடலாம், இண்டக்ஷனுக்கு மட்டும் ஆகாது. முதல் பயணம் முடிந்துவிட்டது. துவாலைகளை எடுக்க நான்கு முறை அதை நகர்த்த வேண்டியிருந்தது என்று மனைவி பெட்டியின் மேலேயே பென்சிலில் நான்கு கோடு போட்டு வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் இரண்டாவது பயணம்.