தண்ணீர்விட்டான் குடும்பம்

"இதைச் சாகடிக்கணும்னு நினைச்சாலும் உன்னால முடியாதுடா, பாலைவனத்துச் செடி" என்று சொல்லித்தான் நண்பன் அந்த யூக்காவை என் கையில் கொடுத்தான். வீடு மாறிக்கொண்டிருந்தான். அதைத் தூக்கும்போதெல்லாம் முழங்கையில் குத்து வாங்கி அலுத்துப்போய்த்தான் என் தலையில் கட்டினான் என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் நான், மனைவி, மகள், அப்பா என்று நாலு பேர். முடியாது என்று அவன் சொன்ன காரியத்தை ஐந்தாவது வாரத்தில் முக்கால்வாசி முடித்திருந்தோம்.

செடி ஒரு சாண் உயரம்தான். யூக்காவில் சின்ன வகை. தண்டு என்று பெரிதாக எதுவும் கிடையாது. தரையிலிருந்தே நாலாபுறமும் விறைப்பாக இலைகள் கிளம்பும். ஒவ்வோர் இலையின் நுனியிலும் ஒரு ஊசி. ஓரங்களிலிருந்து வெள்ளை வெள்ளையாக நூல் பிரிந்து சுருண்டு, பழைய பாயின் ஓரம் மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த முதல் நாளே என் மகள், "அப்பா, இதுக்கு நரைச்சிருக்கு" என்றாள். இரண்டாம் நாள் அவளுடைய பலூன் அதன்மேல் போய் உட்கார்ந்தது. அன்றிலிருந்து அதன் பக்கம் கையை நீட்ட எல்லோருக்கும் பயம். இந்தப் பயம் கதையின் கடைசியில் மறுபடி வரும்.

கையை நீட்டத்தான் பயம். தண்ணீர் ஊற்ற யாருக்கும் பயம் இல்லை.

காலையில் எழுந்ததும் நான் அரை டம்ளர் ஊற்றுவேன். பாலைவனத்துச் செடிதான், ஆனாலும் நம் வீட்டுக்கு வந்துவிட்டது, விருந்தாளி மாதிரி. நான் அலுவலகம் போன பிறகு மனைவி தன் பங்குக்கு அரை டம்ளர். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் மகள், பாட்டிலில் மிச்சம் இருப்பதை முழுவதும் அதில் கவிழ்த்துவிடுவாள். பாட்டில் காலியாக இல்லாவிட்டால் "தண்ணியே குடிக்கலையா" என்று அம்மாவிடம் திட்டு விழும் அல்லவா. ராத்திரி மாத்திரை போட்டுக்கொண்ட பிறகு டம்ளர் அடியில் நிற்கும் தண்ணீர் அப்பாவின் பங்கு. ஒருவர் ஊற்றுவது இன்னொருவருக்குத் தெரியாது. இந்த வீட்டில் அந்த வாயில்லாச் செடியைக் கவனிக்கிற ஒரே ஆள் தாம்தான் என்று நாலு பேரும் தனித்தனியாக நம்பிக்கொண்டிருந்தோம்.

இதில் நண்பன் கொடுத்த தொட்டிக்கும் பங்கு உண்டு. பளபளவென்று நீல நிறப் பீங்கான். பார்க்க லட்சணம். அடியில் ஓட்டை இல்லை.

மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாக ஆரம்பித்தன. சரி, தாகம்தான் என்று முடிவு கட்டி, நான் அரை டம்ளரை முழு டம்ளர் ஆக்கினேன். யூக்காவில் அடி இலை ஒன்றிரண்டு வயதாகி மஞ்சளாகிக் காய்வது சகஜம், அதைக் கத்தரித்துப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். எங்களுடையது நடுவிலிருந்து மஞ்சளாகி, தொட்டால் தொளதொளவென்று இருந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அன்றைக்குத் தெரிந்திருந்தால் இதை எழுதவேண்டிய தேவையே வந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூசி தட்டலாம் என்று கையில் துணியைச் சுற்றிக்கொண்டு லேசாகப் பிடித்தேன். செடி அப்படியே கையோடு வந்துவிட்டது. கூடவே குட்டைத் தண்ணீர் வாடை. வேர்கள் எல்லாம் பழுப்பாக, வழவழவென்று இருந்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று வந்தது, உள்ளே நூல் மட்டும் மிச்சம்.

பஞ்சாயத்து கூடியது. யார் யார் எவ்வளவு ஊற்றினோம் என்று அளவுக் குவளையை வைத்துக் கணக்குப் பார்த்தோம். என்னுடையதைப் பழைய அரை டம்ளராகவே சொல்லிக்கொண்டேன். அப்படியும் ஒரு நாளைக்குச் சராசரியாக 400 மில்லி வந்தது. அமெரிக்காவில் யூக்காக்கள் வளரும் மொஹாவி பாலைவனத்தின் பெரும்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையே 150 மில்லிமீட்டரைத் தாண்டாது. எங்கள் தொட்டியின் வாய் 15 செ.மீ. அகலம். அந்த வாய்க்குள் அந்த மழை எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டேன்: 2.65 லிட்டர். அதாவது, மொஹாவியின் ஒரு வருஷ மழையை நாங்கள் ஏழே நாளில் ஊற்றியிருக்கிறோம். ஐந்து வாரம் என்றால் ஐந்து வருஷத்து மழை. அங்கே வேர் எங்கெங்கோ பரவித் தண்ணீர் தேடும், தொட்டியோடு ஒப்பிடுவது சரியில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் வீட்டில் இருப்பவர்களைப் பயமுறுத்த இதைவிட நல்ல கணக்கு கிடைக்காது.

அப்பா மட்டும் அசரவில்லை. "பாலைவனத்துல கிடைக்காததுனாலதான குடிக்காம இருக்கு? கொடுத்தா குடிக்கும்ல?" என்றார். இதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை.

இதற்கிடையில் மனைவி கைப்பேசியில் தேடிவிட்டு, "யூக்கான்னா மரவள்ளிக் கிழங்காமே?" என்று ஒரு குண்டைப் போட்டாள். தப்பு அவள்மேல் இல்லை. மரவள்ளிக்கு ஸ்பானிய மொழியில் யூகா என்று பெயர். ஐரோப்பாவுக்குப் போன புதிதில் இந்தச் செடியை மரவள்ளி என்று யாரோ தப்பாக நினைத்து அந்தப் பெயரால் கூப்பிட, 1753-இல் தாவரவியலாளர் லின்னேயஸ் அதையே அதிகாரபூர்வப் பெயராக எழுதிவைத்துவிட்டார். யூக்காவின் வேரில் இருப்பது சப்போனின். தண்ணீரில் கசக்கினால் நுரைக்கும். அமெரிக்கப் பழங்குடிகள் அதைச் சோப்பாகத் தலைக்குத் தேய்த்திருக்கிறார்கள், இலை நாரில் கயிறும் செருப்பும் செய்திருக்கிறார்கள். பூனை, நாய் கடித்தால் அவற்றுக்கு ஆகாது. நல்லவேளை, எங்கள் வீட்டில் கடிக்கிற பிராணி எதுவும் இல்லை.

அப்படியே படித்துக்கொண்டு போனபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. யூக்கா எந்தத் தாவரக் குடும்பம் என்றால், நம் தண்ணீர்விட்டான் கொடி இருக்கிற அதே குடும்பம்! சத்தம் போட்டுப் படித்தேன். மகள் கேட்டாள்: "தண்ணீர் விட்டான் சரி. அம்மா?" மனைவி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

பிறகு அறுவை சிகிச்சை. அழுகியதை எல்லாம் வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிகிற வரை. கடைசியில் கெட்டியான வேர் மூன்றும், நடுவில் பதினோரு இலையும் தேறின. வெட்டுக்காயம் காய வேண்டும் என்பதால் மண் இல்லாமல் செய்தித்தாள் மேல் நிழலில் ஐந்து நாள் படுக்கப் போட்டேன். இந்த ஐந்து நாளும் அப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்து உச் கொட்டுவார். "உயிர் இருக்கிறதை இப்படிக் கிடத்தி வெச்சிருக்கியே, ஒரு ஈரத்துணியாவது போர்த்தக்கூடாதா?" என்று கேட்டார். நாலாம் நாள் ராத்திரி அந்தச் செய்தித்தாள் ஓரம் கொஞ்சம் நனைந்திருந்தது. நான் அப்போது கண்டுகொள்ளவில்லை.

அடுத்தது தொட்டி. இந்த முறை சாதாரண மண் தொட்டி, அடியில் ஓட்டையோடு. ஓட்டைமேல் ஒரு துண்டு வலை மட்டும் வைத்தேன். அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்று நானும் காலம் காலமாக நம்பியவன்தான். உண்மையில் மண் நன்றாக ஊறிச் சொட்டும் வரை ஈரம் ஜல்லிக்குள் இறங்காமல் அதற்கு மேலேயே நிற்கும், அதாவது வேருக்கு இன்னும் பக்கத்தில். எனவே ஜல்லியை அடியில் போடாமல் கலவையிலேயே சேர்த்தேன். பாதி மண்கலவை, பாதி பருமணலும் பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கல்பொரியும் பொடி ஜல்லியும். மேலே ஒரு வரிசை சரளைக்கல். ஒரு வாரம் கழித்துத்தான் முதல் தண்ணீர்.

நான் செய்த இன்னொரு மடத்தனத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். பாலைவனத்துச் செடிதானே என்று நட்ட கையோடு மொட்டைமாடி உச்சி வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். இரண்டே நாளில் இலையில் வெள்ளைத் திட்டு. வீட்டுக்குள் இருந்ததை இரண்டு வாரமாவது காலை வெயில், அப்புறம் கொஞ்சம் கூட, இன்னும் கொஞ்சம் கூட என்று பழக்கித்தான் கொண்டுபோக வேண்டுமாம். அந்தத் திட்டுகள் ஆறாது. இன்றும் இருக்கின்றன.

இப்போது வீட்டில் உள்ளவர்களை எப்படிக் கட்டுப்படுத்துவது? முதலில் "தண்ணீர் ஊற்றாதே" என்று அட்டை எழுதி வைத்தோம். அட்டை நனைந்தது. அடுத்து முறை வைத்தோம்: திங்கள் மனைவி ஊற்றக்கூடாது, செவ்வாய் மகள் ஊற்றக்கூடாது என்று. இதில் ஒரு ஓட்டை இருப்பதை மகள் உடனே கண்டுபிடித்தாள். செவ்வாய் மட்டும்தானே அவளுக்குத் தடை.

கடைசியில் வழி காட்டியது சமையலறைத் தராசு. தண்ணீர் குறையக் குறையத் தொட்டியின் எடையும் குறையும், எனவே எடையைப் பார்த்தே ஈரத்தைச் சொல்லிவிடலாம். நன்றாகக் காய்ந்த நிலையில் எங்கள் தொட்டி 2 கிலோ 140 கிராம். அடி ஓட்டை வழியாக வழியும் வரை முழுக்க ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட்டு நிறுத்தால் 2 கிலோ 490. ஊற்றினால் முழுசாக ஊற்று, அப்புறம் 2,140-க்கு இறங்கும் வரை தொடாதே. சட்டம் அவ்வளவுதான். தினமும் காலையில் பல் தேய்த்ததும் நிறுத்து நாட்காட்டியில் எழுதுவேன். அக்னி வெயிலில் இரண்டு வாரத்தில் காய்ந்தது. குளிர் மாதங்களில் ஒரு மாதம் ஆனது. எடை பார்க்க முடியாதவர்கள் ஒரு மரக்குச்சியை அடிவரை செருகி எடுத்துப் பார்க்கலாம், மண் ஒட்டி வந்தால் ஈரம்.

தராசு இருப்பது தெரிந்ததும் மகள் திருந்தினாள். மனைவிக்குத் திருந்துவதற்கு எதுவும் இல்லை, அவள் முதல் பஞ்சாயத்தோடு விட்டுவிட்டாள். இதற்குப் பதில் உங்கள் எடையைப் பார்த்தால் தேவலை என்று, தினமும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பாள், அது வேறு.

செடி பிழைத்தது. ஆறாம் மாதம் நடுவிலிருந்து புது இலைகள் வந்து தொட்டி விளிம்பை மூடின. எட்டாம் மாதம் ஓரமாக ஒரு பக்கக் கன்று, அரிசி அளவில், சரளைக்கல்லைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. எப்போது பூக்கும் என்று கேட்டார் அப்பா. சில வருஷம் ஆகலாம் என்றேன். காய்க்குமா என்றார். அதுதான் கஷ்டம் என்று யூக்கா அந்துப்பூச்சியைப் பற்றிச் சொன்னேன். ராத்திரியில் வரும் சின்ன வெள்ளைப் பூச்சி அது. மகரந்தத்தை உருட்டி எடுத்துக்கொண்டு போய் வேறு பூவின் சூலகமுடியில் தானே அமுக்கி வைக்கும். அந்தப் பூவிலேயே முட்டையும் இடும். புழுக்கள் விதையில் கொஞ்சம் தின்னும், மிச்சம் செடிக்கு. 1870-களில் சார்லஸ் ரைலி என்ற பூச்சியியலாளர் இதை எழுதியபோது நம்பாதவர்களும் இருந்தார்கள். அந்தப் பூச்சி இல்லாத ஊரில் நாம்தான் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பூச்சிகூட அதுக்கு ஏதோ செய்யுது. நம்மளத்தான் எதுவும் செய்யக்கூடாதுங்கிற" என்றார்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. முந்தின நாள் 2,162. காலையில் நிறுத்தேன், 2,230. வேறொன்றும் இல்லை, தராசுதான் தவறு என்று நினைத்து மறுபடி வைத்தேன். 2,230. ஒரே ராத்திரியில் 68 கிராம் ஏற்றம். மகளைக் கூப்பிட்டேன், சத்தியம் செய்தாள். மனைவி என்னைப் பார்த்த பார்வையிலேயே அவளை விட்டுவிட்டேன். அப்பா கூடத்தில் செய்தித்தாளைக் கைக்கெட்டிய தூரம் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி எங்கப்பா?"

"ராத்திரியிலேர்ந்து காணோம். தேடிட்டு இருக்கேன்."

செடிக்குப் போய் ஒரு கரண்டிக் காம்பால் அடி இலைகளை மெதுவாகத் தூக்கிப் பார்த்தேன். உள்ளே, சரளைக்கல் மேல், பக்கக் கன்றுக்குப் பக்கத்தில் கால் மடங்காமல் கிடந்தது அப்பாவின் கண்ணாடி. குனிந்தபோது விழுந்திருக்கிறது. ஊசிக்குப் பயந்து கையை உள்ளே நீட்டாமல் இருந்திருக்கிறார். எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"ஊத்தலைப்பா. சும்மா எப்படி இருக்குன்னு குனிஞ்சு பாத்தேன், அவ்வளவுதான். கண்ணாடி கனம்தான் உன் தராசுல ஏறியிருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. மன்னிப்புகூடக் கேட்டிருப்பேன். அதற்குள் மகள் கண்ணாடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அங்கிருந்து கத்தினாள்:

"தாத்தா, கண்ணாடி இருபத்தெட்டு கிராம்தான். மிச்சம் நாப்பது?"

அப்பா செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

"மாத்திரை போட்டா வாயெல்லாம் கசக்குது" என்றார் அதற்குப் பின்னாலிருந்து. "முழுசாவா குடிக்க முடியும்?"