மணியை யார் முடிவு செய்வது?

ஜெர்மனிக்குக் கிளம்பும்போது குளிர், மொழி, விசா என்று எல்லாவற்றுக்கும் ஆளாளுக்கு எச்சரித்தார்கள். கடிகாரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. இங்கே மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை இரண்டு மணி ஆனதும் மூன்று என்று வைத்துக்கொள்கிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு மூன்று மணியை மறுபடி இரண்டாக்குகிறார்கள். அந்த அக்டோபர் இரவில் ஓடும் ரயில்களில் சில, நேரத்துக்கு முன்னால் போய்விடக் கூடாதே என்று ஏதாவது ஒரு நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்புமாம். கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தேன்.

"அங்க மணியை யாருப்பா மாத்துறது?" என்று அம்மா போனில் கேட்டார். அதைத் தேடப் போய்த்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது.

1884இல் வாஷிங்டனில் நாடுகள் கூடி, உலக நேரத்துக்கு பிரிட்டனில் லண்டனை ஒட்டிய கிரீனிச்சைத் தொடக்கமாக வைக்கலாம் என்று வாக்களித்தன. 22 நாடுகள் சரி என்றன. பிரான்ஸ் வாக்களிக்கவே இல்லை. கடைசியில் 1911இல் வேறு வழியில்லாமல் அதுவும் ஒத்துக்கொண்டது. ஆனால் சட்டத்தில் கிரீனிச் என்ற பேச்சே இல்லை! 'பாரிஸ் நேரத்தில் 9 நிமிடம் 21 வினாடி குறைவு' என்று எழுதிவைத்தார்கள். கணக்குப் போட்டால் அது கிரீனிச் நேரம்தான். வீம்பை இவ்வளவு துல்லியமாக அளந்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

2018 தொடக்கத்தில் எங்கள் அடுப்பில் இருக்கும் கடிகாரம் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கியது. மார்ச்சுக்குள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம். அடுப்பில் கோளாறு இல்லை. இந்த மாதிரிக் கடிகாரங்கள் மின்சாரத்தின் அலைகளை எண்ணித்தான் நேரம் காட்டும். ஐம்பது அலை போனால் ஒரு வினாடி. தென்கிழக்கு ஐரோப்பாவில் இருக்கும் கொசோவோவில் மின்சாரம் பற்றாமல் போக, அதை ஈடுகட்டுவது யார் என்று செர்பியாவும் கொசோவோவும் மல்லுக்கட்டின. ஒரே மின் வலைப்பின்னலில் இருந்த 25 நாடுகளிலும் அலை லேசாக மந்தமானது. எங்கோ நடந்த சண்டை என் சமையலறைக்குள் மணி காட்டிக்கொண்டிருந்தது! அப்புறம் அலையைச் சற்று வேகமாக ஓடவிட்டு, இழந்த நிமிடங்களை மீட்டுக் கொடுத்தார்கள்.

அதே 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் மக்களிடம் கருத்துக் கேட்டது. பதில் எழுதிய 46 லட்சம் பேரில் 84 சதவீதம் பேர் மணி மாற்றமே வேண்டாம் என்றார்கள். மறு வருஷம் ஐரோப்பிய நாடாளுமன்றமும் 410க்கு 192 என்று ஆமோதித்தது. 2021க்குள் முடிந்திருக்க வேண்டியது. மாற்றத்தை நிறுத்திவிட்டு எந்த மணியில் நிற்பது, மார்ச்சில் முன்னே தள்ளிவைக்கும் கோடை மணியா, அக்டோபரில் திரும்பும் குளிர்கால மணியா? அரசுகள் ஒருமித்த முடிவுக்கு வராமல் அது அப்படியே கிடக்கிறது.

என்னைக் கேட்டால் கோடை மணிதான். கோடையில் இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால், குளிர்காலத்தில் நான்கரை. மாலை ஐந்தரைக்கு வேலை முடித்து நான் கூப்பிட்டால் கோடையில் அங்கே ஒன்பது, அம்மா விழித்திருப்பார். குளிர்காலத்தில் பத்தாகிவிடும், படுத்துவிடுவார். அமைச்சர்கள் சீக்கிரம் உட்கார்ந்து பேசினால் தேவலை.