டிபன் சீட்டு

ஜூலை 24, வியாழன்

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை. பொம்மைச் சிப்பாய்ப் பார்சல் வந்தது. சுங்கவரி எவ்வளவு என்று அம்மாவிடம் சொல்லப்போவதில்லை.

ஜூலை 25, வெள்ளி

தூக்கம் வராததால் விதிப்புத்தகத்தைப் பாதி முடித்துவிட்டேன். ‘ஷார்ப் பிராக்டிஸ்’, 2016இல் வந்த இரண்டாம் பதிப்பு. துப்பாக்கியில் மருந்து கெட்டித்துச் சுட்ட காலத்தின் சில்லறைச் சண்டைகளைப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கானது. சதுரங்கம் போல நீ ஒன்று, நான் ஒன்று கிடையாது. ஒவ்வொரு தலைவனுக்கும் சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு. கலைத்துக் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். யார் சீட்டு வருகிறதோ அவன் ஆட்கள்தான் நகரலாம், சுடலாம், திரும்பவும் மருந்து கெட்டிக்கலாம். கட்டுக்குள் எங்கேயோ ‘டிபன்’ என்று ஒரு சீட்டும் கிடக்கிறது. அது தலைகாட்டினால் சுற்று முடிந்தது. அதுவரை சீட்டு வராதவன் போட்ட இடத்தில் நிற்க வேண்டியதுதான். கையில் கொடிச் சீட்டுகள் சேர்ந்திருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம்.

எவன் யோசித்தானோ, நன்றாக வயிற்றைக் கலக்குகிறான்.

ஜூலை 26, சனி

சிவப்புக் கோட்டு அடித்தேன். காரைக்குடி வெயிலில் பெயிண்ட் தட்டுக்கு வருமுன்னே தூரிகையில் காய்கிறது. மின்விசிறியை நிறுத்தினால் நான் காய்கிறேன். 28 மில்லிமீட்டர் ஆளுக்குக் கண் வைப்பது வீண்வேலை. தொப்பியின் நிழலை ஒரு கோடு இழுத்தாலே முகம் வந்துவிடுகிறது.

அப்பச்சி கட்டிலில் இருந்தபடியே ஒருவனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். “இவன் வெள்ளைக்காரன்ல ஆத்தா. நம்ம ஊர்ச் சிப்பாய் எங்கே?” சரியான கேள்வி. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய் அரைச் சல்லடம்தான் போட்டிருந்தான், பெட்டியில் வந்தவன் எல்லாம் முழுக்கால் சட்டை. காலுக்குத் தோல் நிறம் அடித்துச் சமாளிக்கலாம். அதைச் சொன்னால் சிரிக்கிறார். சிரித்தால் இருமல் வருகிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை அப்பச்சியின் ரிப்போர்ட்டைத் தரமாட்டார்கள். தெரிந்தும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

வாட்டர்லூ எனக்கு எதற்கு? சிறுவயல் இதோ இருக்கிறது. 1801 ஜூலைக் கடைசியில் கம்பெனித் தளபதி அக்னியூ படையோடு அங்கே வந்தபோது, கம்பெனிக்குக் கிடைக்கக் கூடாதென்று மருதுவின் ஆட்களே ஊரைக் கொளுத்திவிட்டிருந்தார்கள். அங்கிருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டி நேராகப் பாதை போட்டுவிடலாம் என்று அவருக்குக் கணக்கு. ஒரு மாதம் வெட்டினார்கள். முன்னால் மரம் விழும், பக்கத்துப் புதரிலிருந்து ஆள் பாய்வான். செப்டம்பர் தொடக்கத்தில் கைவிட்டுத் திரும்பினார்கள். காளையார்கோயில் விழுந்தது அக்டோபர் 1இல்தான்.

இந்த ஆட்டத்துக்கென்றே நடந்த சண்டை. நீளமாக ஒரு வெட்டுப்பாதை, இரண்டு பக்கமும் முள், கோடாலிக்காரர்கள், அவர்களுக்குக் காவல். எவன் எப்போது பாய்வான் என்பது கட்டுக்குத்தான் தெரியும்.

வளைந்த எறிகோல் இருக்கிறதே, அந்த வளரிதான் உதைக்கிறது. வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, தனக்கு வளரி எறியக் கற்றுக்கொடுத்ததே சின்ன மருதுதான் என்கிறார். கைதேர்ந்தவன் நூறு கஜத்துக்குள் குறி தப்பமாட்டானாம். நம்பினால், மருந்து கெட்டிக்கவே தேவையில்லாத துப்பாக்கியை ஒரு பக்கத்துக்குக் கொடுத்தமாதிரி. நம்பாவிட்டால் வெறும் கம்பு.

ஜூலை 30, புதன்

வளவுத் தரையில் விரித்தேன். தேங்காய் நாரும் காய்ந்த கருவேலங்குச்சியும் காடு. ஆத்தங்குடிக் கல் ஒன்று எட்டு அங்குலம், டேப்புக்கு வேலையே இல்லை. ஆட்கள் கலங்கிப்போனதைக் குறிக்கப் புளியங்கொட்டை: ஒரு கொட்டைக்கு ஓர் அங்குலம் நடை குறையும். தலைவன் பக்கத்தில் நின்று தேற்றினால் எடுத்துவிடலாம்.

அப்பச்சியை நாற்காலியோடு தூக்கி வந்தோம். கம்பெனி பக்கம் வேண்டும் என்றார். “நான் ரோடு போடுறேன், நீ மறிச்சுக்க.”

நான்காம் சுற்றில் என் ஆட்கள் கோடாலிக்காரர்களுக்கு ஒரு கல் தூரத்தில். என் தலைவன் சீட்டு மட்டும் வந்தால் போதும். அப்பச்சி எடுத்தார். அவருடைய சுபேதார் சீட்டு. அடுத்தது கொடி. அடுத்தது டிபன். அடுத்த சுற்றில் முதல் சீட்டே அவருடைய காவல்படைக்கு. அதுவரை சுடாமல் வைத்திருந்த முதல் வெடிக்குத் தனிப் பலம் உண்டு. புளியங்கொட்டை வைக்கக் கல்லில் இடமில்லை.

அம்மா அடுப்படியிலிருந்து, “டிபன் டிபன்னு கத்துறீகளே, பணியாரம் ஊத்தி எவ்வளவு நேரமாச்சு!”

ஆகஸ்ட் 1, வெள்ளி

போன் வந்தது. தனிநபர் கடன் வேண்டுமா என்று ஒரு பெண். அந்தப் பெண்மேல் எரிந்து விழுந்தேன்.

வளரிக்கு ஐம்பது கஜம் என்று வைத்துக்கொண்டால்?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் ஆனது. அப்பச்சி இரண்டு வாய்க்குமேல் தொடவில்லை, ஆட்டத்துக்கு மட்டும் உட்கார்ந்தார்.

ரம்மி ஆடிய கை. போன சீட்டுகளை எண்ணுகிறார். “இன்னும் மூணு கிடக்கு. உன்னுது ஒண்ணு, என்னுது ஒண்ணு, பலகாரம் ஒண்ணு.” எண்ணி என்ன, வரிசை தெரியாதே என்றேன். தெரிய வேண்டாமாம். டிபன் நெருங்குவது தெரிந்தால் கொடிகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதுமாம், சுற்று முடிகிற நேரத்தில் சீட்டு வராதவனைக் கிளப்ப. அப்படித்தான் கிளப்பினார். அடுத்த வெட்டும் விழுந்தது, பாதை ஆறு கல் நீண்டுவிட்டது. வரலாற்றில் இந்தப் பாதையில் தோற்ற அக்னியூ எங்கள் வளவில் ஜெயித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு எரிச்சலாக இருந்தது, நிஜமாகவே.

தம்பி சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் கூப்பிட்டான். ரிப்போர்ட் வந்ததா என்று கேட்காமல் யார் ஜெயிக்கிறீர்கள் என்று கேட்டான்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நாற்பது கஜம். முடிவு. முள்ளுக்குள் மட்டும். திறந்த வெளியில் துப்பாக்கிதான்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பதினொன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள். போனில் சொல்லமாட்டார்களாம், நேரில் வரச்சொல்கிறார்கள், அவரையும் கூட்டிக்கொண்டு. விடியற்காலை ஐந்தரைக்குக் கார் சொல்லியாயிற்று. பழைய ஸ்கேன், ஆதார், இன்சூரன்ஸ் கார்டு, ஃபிளாஸ்க். அப்பச்சி கட்டையும் எடுத்து வைக்கச் சொல்கிறார். பொம்மை வேண்டாம், சீட்டு போதுமாம், எண்ணிப் பழக வேண்டுமாம் நான். பில்லிங் கவுண்டரில் பணமாகத்தான் வாங்குவார்களா என்று கேட்க மறந்து