மூலைவிட்டம் சரியாக வந்தது, மதிப்பெண் வரவில்லை

விபத்துக்குள்ளான வாகனத்தின் சட்டகத்தை அளக்கும் செய்முறைத் தேர்வில் முதல் முறை தோற்றேன். முன்பக்கம் இடிபட்ட கார். நசுங்கல் கண்ணெதிரே தெரிந்ததால் டேப்போடு நேராக அங்கே போனேன். எஞ்சின் அறையின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒன்றுபோல் வரவே, ‘விலகல் இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உண்மையில் இரு பக்க நீளத்தண்டுகளும் ஒரே அளவு பின்னால் தள்ளப்பட்டிருந்தன. இருபுறமும் சமமாகக் குறுகினால் மூலைவிட்டங்களும் சமமாகத்தான் இருக்கும். நீளத்தை அளவு வரைபடத்தோடு ஒப்பிட எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டாம் முறை காரின் நடுவிலிருந்து தொடங்கினேன். பயணிகள் அமரும் பகுதியின் அடியில் நான்கு புள்ளிகள். அவற்றின் நீளம், அகலம், மூலைவிட்டம், உயரம் எல்லாம் வரைபடத்தோடு பொருந்திய பிறகே முன்பக்கம் போனேன். நடுப்பகுதியே கோணியிருந்தால் அதிலிருந்து எடுக்கும் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.

பலரும் சறுக்கும் இடம் வேறொன்று. வரைபடத்தில் உள்ள அளவு புள்ளிக்குப் புள்ளி நேர்த்தூரமா, டேட்டம் தளத்துக்கு இணையான தூரமா? டேட்டம் என்பது வாகனத்துக்குக் கீழே நாம் கற்பனை செய்துகொள்ளும் கிடைத்தளம். உயரங்கள் எல்லாம் அதிலிருந்துதான். இணைத்தூரம் 1,200 மி.மீ., இரு புள்ளிகளின் உயர வேறுபாடு 350 மி.மீ. என்றால் டேப் 1,250 காட்டும். இந்த 50 மி.மீ. வேறுபாட்டைச் சேதம் என்று எழுதினால் நல்ல காரையே இழுத்துக் கெடுத்துவிடுவோம். டிராம் கேஜ் என்பது இரு முனைகளிலும் நீட்டக்கூடிய ஊசிகள் உள்ள அளவுத் தண்டு. அதன் ஊசிகளை உயர வேறுபாட்டுக்கு ஏற்ப நீட்டி, தண்டை டேட்டத்துக்கு இணையாகப் பிடித்தால் 1,200 கிடைக்கும்.

துளைகளும் ஏமாற்றும். அளவு மையத்திலிருந்து மையத்துக்குத்தான். துளைகள் ஒரே அளவானால் ஒரே பக்க விளிம்புகளுக்கு இடையே அளந்தால் போதும். ஒன்று 20 மி.மீ., மற்றது 12 மி.மீ. என்றால் அந்த வழியில் 4 மி.மீ. பிழை வந்துவிடும், பொதுவாக அனுமதிக்கப்படும் விலகலே 3 மி.மீ. தானே! உள் விளிம்புகளுக்கு இடையிலும் வெளி விளிம்புகளுக்கு இடையிலும் அளந்து சராசரி எடுங்கள்.

பக்கச் சாய்வு, தொய்வு, குறுகல், முறுக்கல், வைரக் கோணல் என்ற ஐந்து சேத வகைகளை ஒரே மாலையில் படித்துவிடலாம். ஒரு பக்கத் தண்டு மட்டும் முன்னோ பின்னோ தள்ளப்பட்டு சட்டகம் சாய்சதுரம்போல் ஆவதுதான் வைரக் கோணல். அது பெரும்பாலும் உடல் தனியாக, சட்டகம் தனியாக இருக்கும் தனிச் சட்டக வாகனங்களில்தான் வரும். அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் என் தாளிலிருந்த ஓர் எண்ணில் விரலை வைத்து, “இது எங்கிருந்து எங்கே?” என்று மட்டும் கேட்டார். காருக்கு அடியில் குனிந்து இரண்டு துளைகளையும் தொட்டுக் காட்டினேன். அடுத்தவரை அழைத்தார்.