எனக்கும் சேத்து நடங்க சாமி

இந்தத் தைப்பூசத்துக்குத் திண்டுக்கல்லில் இருந்து பழனிக்கு நடந்தேன். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நத்தம் வழியாக வருகிறவர்களுக்கு இது பாதித் தூரம்கூட இல்லை. எனக்கு இதுதான் முதல் நடை.

மாலை போட்டுப் பச்சை வேட்டி கட்டியதும் நம் பெயர் போய்விடுகிறது. சின்னப் பையனும் சாமி, பெரியவரும் சாமி. டீக்கடைக்காரர், லாரி ஓட்டுநர், எல்லோருக்கும் நாம் சாமிதான். "ஓரமா வாங்க சாமி" என்று கூப்பிட்டு ஒரு காவலர் என் தோள்பையின் பின்பக்கம் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி, இருட்டில் ஒரு பையன் ஓடிவந்து தண்ணீர் பாக்கெட்டை நீட்டினான். நடந்தபடியே வாங்கி, பல்லால் கிழித்துக் குடித்துவிட்டு, உறையை அங்கேயே போட்டேன். பின்னால் வந்த குருசாமி குனிந்து அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "குடுத்த புள்ள முகத்தப் பாத்தீங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. திரும்பினேன், அவன் அடுத்த ஆளை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். அது இன்னும் உறுத்துகிறது.

அப்புறம் யார் எது கொடுத்தாலும் நின்று, முகம் பார்த்துத்தான் வாங்கினேன். சுக்குக் காபி, மோர், எலுமிச்சை சாதம். கொடுப்பவர்கள்தான் நம்மிடம் கெஞ்சுகிறார்கள்: "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க சாமி." வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடிவிடுகிறது. வயிறு நிறைந்திருந்தால் ஒரு கரண்டி மட்டும் கேட்டு வாங்குங்கள், இலையில் மிச்சம் வைக்காதீர்கள். குருசாமி சொல்லிக்கொடுத்த முறை இது.

ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது இரண்டு பாதத்திலும் கொப்புளம். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து ஒரு பாட்டி வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து தரையில் அமர்ந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்.

"கால நீட்டுங்க சாமி."

என் அப்பத்தா வயது. கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டேன்.

"நானும் வருசா வருசம் நடந்தவதான். இப்ப முட்டி விடமாட்டேங்குது. எனக்கும் சேத்து நடங்க சாமி."

நீட்டினேன். கொப்புளத்தைத் தொடாமல், சுற்றிலும் அவ்வளவு பதமாகத் தடவினார். எந்த ஊர், என்ன ஆள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விருப்பாட்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி. ஆயக்குடியில் கொய்யா விற்கும் அம்மா ஒருவர் காசு வாங்க மறுத்து இரண்டு பழத்தைக் கையில் திணித்தார். மலையடிவாரம் வந்தபோது நன்றாக விடிந்திருந்தது. 693 படிகள். ஒவ்வொரு படியிலும் அந்த முட்டியை நினைத்துக்கொண்டே ஏறினேன். நவபாஷாண முருகன் முன்னால் நின்றது சில நொடிதான். வீட்டில் யோசித்து வைத்த வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. "பாட்டி வந்திருக்காங்க, முருகா" என்றேன்.

இறங்கி, திண்டுக்கல் பேருந்தில் ஏறினேன். நெரிசலில் இடித்துக்கொண்டு வந்த நடத்துநருக்குச் சட்டையெல்லாம் வியர்வை. காசை நீட்டினேன்.

"திண்டுக்கல் ஒண்ணு குடுங்க சாமி."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் இருந்த பையைத் தள்ளி வைத்தார்.

"கால் வலிக்கும். இங்க உக்காருங்க சாமி."