பத்தமடைப் பாய்ப் பக்கம் முடிந்தது

ஒருவழியாகப் பாய் பாயாகத் தெரிகிறது. 'உலகப் பிள்ளைகள் எதில் உட்காருகிறார்கள், எதில் படுக்கிறார்கள்' என்று நான் போட்டுக்கொண்டிருக்கும் படப் புத்தகத்தில் என்னை அதிகம் படுத்தியது நம்ம ஊர்ப் பக்கம்தான். இரண்டு பக்கமும் நிறையப் பாய், அதில் குப்புறப் படுத்துப் பல்லாங்குழி ஆடும் ஒரு பிள்ளை. பிள்ளையை வரைய ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. பாய்தான் மாதக்கணக்கில் இழுத்துவிட்டது.

உலகப் பண்பாடு என்றாலே உடையையும் கொடியையும் வரைந்து முடித்துவிடுகிறார்கள். பிள்ளைகள் விரலால் தொட்டு, "இது நம்ம வீட்டுலயும் இருக்கே" என்று சொல்ல ஒரு பொருள் வேண்டும் என்று பாயைப் பிடித்தேன். பத்தமடைப் பாய் நெய்யும் கோரையின் இனத்தைச் சேர்ந்த புல்லில்தான் கொரியாவின் கங்குவா தீவிலும் பூப்போட்ட பாய் நெய்கிறார்கள். சமோவாவில் தாழை ஓலையைச் சன்னமாகக் கிழித்துக் கையாலேயே முடைகிறார்கள். அது படுக்க அல்ல, கல்யாணத்திலும் சாவு வீட்டிலும் சீராகக் கொடுக்க. 2019இல் யுனெஸ்கோ அதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சரி, வேலைக்கு வருகிறேன். நெசவை வாட்டர்கலரில் கொண்டுவர மாஸ்கிங் ஃப்ளூயிட் இல்லாமல் முடியாது. வண்ணம் ஏறக் கூடாத இடத்தில் முதலில் பூசி, பிறகு உரித்தெடுக்கும் ரப்பர் திரவம் அது. தூரிகையில் எடுத்தால் கோடு தடிக்கிறது, தொட்டு எழுதும் நிப்பில் எடுத்தால் பாதி வழியில் அடைக்கிறது. கைகொடுத்தது ரூலிங் பேனா. மாமா பாலிடெக்னிக்கில் படித்த காலத்து டிராயிங் பெட்டியில் வெல்வெட் பள்ளத்தில் கிடந்தது. இரண்டு தகடு, நடுவில் ஒரு திருகு. திருகை இறுக்கினால் அரை மில்லிமீட்டர் கோடு. காய்ந்த ரப்பரும் தகட்டிலிருந்து தோலாக உரிந்து வந்துவிடுகிறது.

இதில் முக்கியமான விஷயம், பேனாவைப் பாட்டிலில் முக்கவே கூடாது. தகட்டின் வெளிப்புறம் நனைந்தால் திரவம் ஸ்கேலுக்கு அடியில் ஓடி, கோடு குளமாகிவிடும். சொட்டுக் குழாயால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் விட வேண்டும். ஸ்கேலின் சரிவான விளிம்பைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிவைத்தால் விளிம்பு காகிதத்தில் படாது. மின்விசிறி ஓடக் கூடாது. ஆடிக் காற்றில் ஜன்னலையும் சாத்த வேண்டும், இல்லையென்றால் மண் வந்து ஒட்டும். சித்திரை வெயிலில் தகட்டுக்குள்ளேயே ஆடை கட்டிவிடுகிறது, அதனால் எல்லாக் கோடும் விடியற்காலையில்தான்.

கோடு சன்னமாக வந்த பிறகும் பாய் வரவில்லை, வரிபோட்ட நோட்டுத்தாள் மாதிரி இருந்தது. நான்கைந்து மாதிரித் துண்டுகளை எடுத்துக்கொண்டு பத்தமடைக்கே போனேன். தறியில் இருந்த ஒரு பெரியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஓரத்தில் கோடு விட்டுவிட்டு வந்திருந்த ஒரு துண்டில் விரலை வைத்து, "இந்தா இருக்குல்லா தம்பி, இதுதான் பாயி. மத்ததெல்லாம் சாக்கு" என்றார். குறுக்கே ஓடும் கோரையை நெட்டுக்குப் போகும் பாவு நூல் அழுத்தும் இடத்தில் கோரை ஒடுங்குகிறது. அங்கே பேனாவைத் தூக்கித் தூக்கிப் போட்டால் ஒவ்வொரு வரியும் அரிசிமணி கோத்தது போல வருகிறது. அடுத்த வரியில் அந்த இடைவெளி அரை மணி தள்ளி வர வேண்டும். கல்யாணப் பாயில் பொண்ணு மாப்பிள்ளை பேர் நெய்வதையும் காட்டினார். எழுத்து படியேறின மாதிரி முனை முனையாக இருப்பதற்கும் இதுதான் காரணம். என் படத்தில் பாயின் தலைமாட்டில் பேருக்கு இடம் விட்டிருக்கிறேன், புத்தகம் வாங்கும் பிள்ளை தன் பேரைக் கட்டம் கட்டமாக எழுதிக்கொள்ளலாம்.

காகிதம் பெரிய தலைவலி. 300 ஜிஎஸ்எம் கனத்தில் வழவழப்பான ஹாட் பிரஸ் தாள் பாளையங்கோட்டையில் தேடியதில் கிடைக்கவில்லை. கோல்டு பிரஸ்தான் வைத்திருக்கிறார்கள், அதன் மேடுபள்ளத்தில் ரூலிங் பேனா குதிக்கிறது. சென்னையிலிருந்து வரவழைத்த ஒரு கட்டில் மேலிரண்டு தாளும் மூலை மடிந்து வந்தது. கேட்டால் பார்சல்காரரைக் கேளுங்கள் என்கிறார்கள். இனி சுருட்டி, பிவிசி குழாயில் போட்டுத்தான் அனுப்பச் சொல்ல வேண்டும். சிவகாசியில் விசாரித்ததில் ஆயிரம் பிரதிக்குக் கீழே ஆப்செட் கட்டாது என்கிறார்கள். முதலில் டிஜிட்டலில் கொஞ்சம் போட்டு, எங்கள் தெருப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

மொத்தம் 32 பக்கம், நடுவில் பின் அடிப்பது. 16, 17ஆம் பக்கங்கள் ஒரே தாளில் வருவதால் பத்தமடையை அங்கே வைத்துவிட்டேன், ஒரு கோடும் விலகாது. மற்ற இரட்டைப் பக்கங்கள் வெவ்வேறு தாளில் அச்சாகி வந்து சேர்பவை. அரை மில்லிமீட்டர் விலகினாலும் நெசவு காட்டிக்கொடுத்துவிடும். ஜப்பான் வீடுகளில் தரையில் பதிக்கும் தத்தாமிப் பாய்க்கு வழி கிடைத்துவிட்டது. அதற்குத் துணி விளிம்பு உண்டு, அதை மிதிக்கக் கூடாது என்பது அங்கே வீட்டு மரியாதை. இரண்டு தத்தாமி சேரும் அந்தக் கறுப்பு விளிம்பைச் சரியாக மடிப்பில் கொண்டுவந்து நிறுத்தினால் விலகல் கண்ணுக்குத் தெரியாது. மிதிக்காமல் தாண்டும் ஒரு பையன் காலும் அங்கேயே வந்துவிடுகிறது.

சமோவாப் பாய்க்குத்தான் இன்னும் பிடி கிடைக்கவில்லை. முடைந்த பாயில் இழை சாய்வாக ஓடுகிறது, மடிப்பில் மறைக்க விளிம்பும் இல்லை. விரித்துப் பிடித்துக்கொண்டு பெண்கள் ஊர்வலமாக வருவதுபோல வரைந்து, மடிப்பு விழும் இடத்தில் ஓரத்துச் சிவப்பு இறகுகளைத் தொங்கவிடலாமா என்று பென்சிலில் போட்டுப் பார்க்கிறேன். இதற்கிடையில் அடுத்த புத்தகத்துக்குத் தொட்டில் என்று மனது போய்விட்டது. நம்ம சேலைத் தூளி, அமேசான் காட்டு ஊஞ்சல் படுக்கை, ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி இன மக்கள் மரத்தில் குடைந்து தோல் போர்த்தும் தொட்டில் எல்லாம் நோட்டில் ஏறிவிட்டன. தூளிக்குச் சுங்குடிச் சேலை வரைய வேண்டும், அந்தப் புள்ளிகளுக்கும் ரூலிங் பேனா முனையே போதும் என்று தோன்றுகிறது.