1.2 வோல்ட்டுக்குள் மூன்று உள்ளீடுகள்

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டது. பேராதனையில் பொறியியல் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த நான் அப்போது டிக்கோயாவுக்கு அருகே தோட்டத்து வீட்டில் இருந்தேன். மடிக்கணினியின் பற்றரி தீர்ந்து, கணினியில் சுற்றை ஓட்டிப் பார்க்கும் சிமுலேஷன் பாதியில் நின்றது. கையில் மிஞ்சியது ஒரு சி.ஆர். கொப்பியும் பென்சிலும்தான்.

செய்ய வேண்டிய வேலை இது: 1.2 வோல்ட்டில் இயங்கும், மூன்று உள்ளீடுகள் கொண்ட வகையீட்டு ஆண்ட் படலை. உயர்தரத்தில் நாம் படித்த தருக்கப் படலைதான்: எல்லா உள்ளீடுகளும் உயர்ந்திருந்தால் மட்டுமே வெளியீடு உயரும். வகையீடு என்றால் ஒவ்வொரு சமிக்ஞையும் தன் எதிரோடு சோடியாக வரும். ஆனால் இங்கே மின்னோட்டம் நிற்பதே இல்லை. எங்கள் லயத்துப் பீலியில் இரவும் பகலும் தண்ணீர் விழுகிறது, நாம் அதை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்பிவிடுகிறோம். அதைப்போல 100 மைக்ரோ அம்பியர் மாறாமல் ஓடுகிறது. அது இரண்டு 4 கிலோ ஓம் தடையிகளில் எதன் வழியாகப் போகிறதோ, அந்தப் பக்கத்து வெளியீடு 0.4 வோல்ட் இறங்குகிறது. மற்றது மேலேயே நிற்கிறது.

பாடத்தில் சொல்லித்தரும் வழி, உள்ளீட்டுக்கு ஒரு சோடி டிரான்சிஸ்டரை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. ஒரே மின்னோட்டம் மூன்று அடுக்கையும் கடந்து இறங்கும். நானும் அப்படித்தான் வரைந்திருந்தேன். இரண்டு வாரமாக டிரான்சிஸ்டர்களின் அகலத்தை மாற்றி மாற்றிப் பார்த்தும் கீழ் அடுக்கு ஒழுங்காகத் திரும்பவில்லை.

அன்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்கைக் கையால் எழுதினேன். ஒரு டிரான்சிஸ்டரில் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் முனையான வாயிலுக்கும் (gate), அது கீழே வெளியேறும் முனையான மூலத்துக்கும் (source) இடையே ஏறத்தாழ 0.65 வோல்ட் வேண்டும். அடியில் மின்னோட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும் டிரான்சிஸ்டருக்கு 0.2. மேல் அடுக்கின் வாயில் 1.2இல் இருந்தால் அதன் மூலம் 0.55. இரண்டாம் அடுக்கின் உள்ளீட்டை இன்னொரு டிரான்சிஸ்டர் வழியாக 0.65 இறக்கிக் கொடுத்திருந்தேன், அதனால் அதன் வாயில் 0.55. அப்போது அதன் மூலம் பூச்சியத்துக்கும் கீழே, மைனஸ் 0.1. மூன்றாம் அடுக்குக்குப் போகவே தேவையில்லை. இப்படி இறக்கிக் கொடுத்தால் 1.8 வோல்ட்டிலும் மூன்று அடுக்கு நிற்காது என்பதையும் அதே பக்கத்தில் கூட்டிப் பார்த்தேன்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு இது புதிதல்ல. காசல்ரீ நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நோர்ட்டனில் விமலசுரேந்திர மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டு, அதற்கும் கீழே லக்சபானவிலும் சுழற்றுகிறது. ஒரே தண்ணீர்தான், ஆனால் ஒவ்வொரு நிலையமும் தனக்கென்று ஓர் உயரத்தை எடுத்துக்கொள்கிறது. மலை குட்டையாக இருந்தால் ஒரு நிலையத்தோடு சரி. என் மலை 1.2 வோல்ட் உயரம்.

அதனால் அடுக்குவதை விட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வகையீட்டுச் சுற்றில் ஒவ்வொரு சமிக்ஞையும் அதன் எதிரும் இரண்டு கம்பிகளில் ஏற்கெனவே வருகின்றன. தலைகீழாக்கத் தனிப் படலை வேண்டாம், கம்பியை மாற்றினால் போதும். மூன்றும் உயர்ந்திருக்கிறதா என்று கேட்பதும், மூன்றின் எதிர்களில் ஒன்றாவது உயர்ந்திருக்கிறதா என்று கேட்டு விடையைப் புரட்டுவதும் ஒன்றுதான். ஆகவே மூன்று எதிர்களையும் மூன்று டிரான்சிஸ்டர்களுக்கு இணையாகக் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில், உயர்ந்த 1.2க்கும் தாழ்ந்த 0.8க்கும் நடுமட்டத்தில் வாயில் நிற்கும் ஒற்றை டிரான்சிஸ்டரை வைத்தேன். அடுக்கு ஒன்றே ஒன்று. இது என் கண்டுபிடிப்பு அல்ல. 1956இல் ஐபிஎம்மில் ஹானன் யோர்க் மின்னோட்டத்தைத் திருப்பும் தருக்கச் சுற்றை வடிவமைத்த காலத்திலிருந்து வரும் வழி.

இதற்கு ஒரு விலை உண்டு. உள்ளீடு இப்போது தன் எதிரோடு மோதுவதில்லை, 1.0 வோல்ட்டில் நிற்கும் நடுமட்டத்தோடு மோதுகிறது. 0.4 வோல்ட் இடைவெளி 0.2 ஆகச் சுருங்குகிறது. தடையியின் பெறுமானம் 20 சதவீதம் குறைந்தால் தாழ்ந்த நிலை 0.8இலிருந்து 0.88க்கு ஏறி, மிஞ்சுவது 0.12. காகிதத்தில் அங்கேயே என் படலை தடுமாறியது. மின்னோட்டம் முழுதாகத் திரும்பாமல் இரு பக்கமும் பிரிந்தது.

நடுமட்டத்தைத் தனியாக நிலைநிறுத்தியதுதான் பிழை. அதே 100 மைக்ரோ அம்பியரின் நகலை, அதே வகைத் தடையியில் பாதியான 2 கிலோ ஓம் வழியாக ஓடவிட்டு நடுமட்டத்தை அங்கிருந்தே எடுத்தேன். இப்போது தடையி குறைந்தாலும் கூடினாலும் நடுமட்டமும் கூடவே நகர்ந்து எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. சுருங்கிய இடைவெளியிலும் மின்னோட்டம் முழுதாகத் திரும்ப, டிரான்சிஸ்டர்களை இன்னும் அகலமாக்கினேன். இந்தத் திருத்தம் தந்த மகிழ்ச்சியை வேறெதுவும் தரவில்லை.

மின்சாரம் வந்து சிமுலேஷனை மறுபடி ஓட்டியபோது ஒரு சிறு வேலை மிஞ்சியிருந்தது. ஒரு வெளியீட்டில் மூன்று டிரான்சிஸ்டர்கள் தொங்க, மற்றதில் ஒன்றுதான் இருந்தது. சுமை கூடிய பக்கம் மெதுவாக மாறியது. இலேசான பக்கத்தில், வாயிலை நிலத்தோடு கட்டிய இரண்டு டிரான்சிஸ்டர்களைச் சும்மா சேர்த்தேன். இரண்டு அலைகளும் நடுவில் வெட்டிக்கொண்டன.

பிறகு எட்டு உள்ளீட்டுச் சேர்க்கைகளையும் வரிசையாக ஓட்டினேன். எட்டும் சரி. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா திரையில் ஏறி இறங்கும் கோடுகளைப் பார்த்து, "முடிந்ததா?" என்று கேட்டார். நான்காவது உள்ளீட்டுக்கு இன்னொரு டிரான்சிஸ்டரை இணையாக வைத்துக்கொண்டே, "மூன்று முடிந்தது" என்றேன்.